சல்லடைக்குச் சீர்திருத்தம் என்று பெயர்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளைச் சரிசெய்யப் போகிறேன் என்று யார் கிளம்பினாலும் முதலில் கையில் எடுப்பது சல்லடையைத்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தனியாக எடு. ஆங்கில வழி கேட்கிற பிள்ளையைப் பக்கத்து அறையில் உட்கார வை. விண்ணப்பம் போடத் தெரிந்த பெற்றோரின் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பு, பணத்தை அரசே கட்டும். ஆதிதிராவிடர் பிள்ளைக்கு ஒரு துறை, கள்ளர் பிள்ளைக்கு ஒரு துறை, பழங்குடிப் பிள்ளைக்கு இன்னொரு ஏற்பாடு. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்வார்கள். சிலவற்றுக்கு உண்மையிலேயே நல்ல நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அரை நூற்றாண்டாக நாம் செய்து வருவது பிள்ளைகளை ரகம் பிரிக்கிற வேலை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளைப் பிரிக்கிற எந்தத் திட்டத்தையும் பள்ளிச் சீர்திருத்தம் என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. அது பத்துப் பிள்ளைகளை ஐ.ஐ.டி.க்கு அனுப்பினாலும் சரி. ஏனென்றால் பிரிக்கும்போது கெட்டுப்போவது பள்ளிதான். மிச்சமிருக்கிற தொண்ணூறு பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரேஷன் கடையில் புரிந்தது

இதை நமக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1997இல் ஒன்றிய அரசு பொது விநியோகத் திட்டத்தை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்க மாட்டேன் என்றது. அரிசி வேண்டும் என்று கேட்கிற எல்லாருக்கும் அரிசி அட்டை. ‘வசதியானவனுக்கு எதுக்குங்க ரேஷன் அரிசி?’ என்று பொருளாதாரப் பக்கங்களில் எத்தனையோ பேர் கேட்டார்கள். ஆனால் நம் ரேஷன் கடை இயங்குகிறது. எடையில் அரைக் கிலோ குறைந்தால் கேட்க ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.வும் வரிசையில் நிற்கிறார். பருப்பு வரவில்லை என்றால் ஊரே கேட்கிறது. ஏழைகளுக்கு மட்டுமான கடையாக இருந்தால் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள்?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் இதற்கென்றே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு நிறுவனம் கெட ஆரம்பித்தால் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வழி: வெளியேறலாம், அல்லது இருந்துகொண்டு குரல் எழுப்பலாம். இதில் மாட்டிக்கொள்கிற இடம் எது என்றால், தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள்தான் முதலில் வெளியேறுகிறார்கள். அதாவது சத்தம் போடக்கூடியவர்கள் முதலில் போய்விடுகிறார்கள். அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று நைஜீரிய ரயில்வே, இன்னொன்று பொதுப் பள்ளி.

நம் ஊரில் இது நடக்கும் விதத்தை ஒரு லூப்பாக எழுதிவிடலாம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எண்பது பிள்ளைகள். தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வருகிறது. இருபத்தைந்து பேர் போகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோலில் தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஆகவே பணிநிரவல் என்று ஒருவர் வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார். இப்போது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர், அவர் பாதி நாள் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். இதைப் பார்த்து இன்னும் இருபது பேர் போகிறார்கள். கடைசியில் ஒரு அதிகாரி வந்து ‘மக்களுக்கே அரசுப் பள்ளி வேண்டாம்’ என்று குறிப்பு எழுதுவார். லூப்பைத் தொடங்கி வைத்தது யார் என்று அந்தக் குறிப்பில் இருக்காது.

சமச்சீர் ஆனது புத்தகம் மட்டும்

2010 வரை இங்கே நான்கு வகைப் பள்ளிக் கல்வி இருந்தது: மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஓரியண்டல், ஆங்கிலோ இந்தியன். ஒரே தெருவில் ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு வேறு வேறு புத்தகம், வேறு வேறு தேர்வு. 2006இல் முத்துக்குமரன் குழு அமைக்கப்பட்டது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஜூன், ஜூலை முழுக்கப் புத்தகமே இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்றது.

பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் பொதுவானது பாடத்திட்டமும் தேர்வும் மட்டும். குழு பேசியது அதைவிட நிறைய: பள்ளிகளின் வசதி, ஆசிரியர் எண்ணிக்கை, பயிற்றுமொழி. அவற்றைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டோம். புத்தகம் ஒன்றானதும் என்ன நடந்தது? ‘நம்ம பிள்ளையும் வேலைக்காரம்மா பிள்ளையும் ஒரே புத்தகமா?’ என்று நினைத்தவர்களுக்காக, நேற்று வரை மெட்ரிக் என்று போர்டு வைத்திருந்த எத்தனையோ பள்ளிகள் சி.பி.எஸ்.இ. என்று மாற்றி எழுதின. சல்லடையின் ஒரு கண்ணை அடைத்தோம், பக்கத்தில் வேறு கண்ணைத் திறந்துகொண்டார்கள்.

1964இல் அமைக்கப்பட்ட கோத்தாரி ஆணையம் இதை எதிர்பார்த்திருந்தது. அது கேட்டது பொதுப் பள்ளி முறை. அந்தந்தப் பகுதியின் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற அருகமைப் பள்ளி. ஏழைகளுக்காக மட்டும் அதைக் கேட்கவில்லை. வசதியான பெற்றோர் தம் பிள்ளைகளைப் பிரித்துவைத்துப் படிக்க வைப்பதால் அந்தப் பிள்ளைகளின் கல்வியும் சோகை பிடித்ததாகிவிடுகிறது என்று 1966 அறிக்கை சொன்னது. 1968 தேசியக் கல்விக் கொள்கையும் பொதுப் பள்ளி முறையை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில்.

மூன்று சல்லடைகள்

முதலாவது, ஏ பிரிவும் பி பிரிவும். 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. தனியாருக்குப் போகிற பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தத்தான். நோக்கம் நல்லது. பல பள்ளிகளில் நடப்பது வேறு. கொஞ்சம் விவரமான பெற்றோரின் பிள்ளைகள், நன்றாகப் படிக்கிறவர்கள் ஏ பிரிவு ஆங்கில வழியில். ‘மத்தவங்க’ பி பிரிவு தமிழ் வழியில். ஒரே கட்டடம், ஒரே மணி, ஒரே சத்துணவுக்கூடம். ஆனால் பத்து வயதிலேயே எந்த அறை யாருக்கானது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. தமிழ் வழி என்பது ஒரு மொழியைக் குறித்த காலம் போய், ஒரு தகுதிக்குறைவைக் குறிக்கிறது. மேடையில் தமிழுக்காக முழங்குகிற அமைச்சர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

இரண்டாவது, 25 சதவீதம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு: தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் நான்கில் ஓர் இடம் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும். செலவை அரசு திருப்பித் தரும். 2012இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. பணக்காரப் பள்ளிக்குள் ஏழைப் பிள்ளையும் உட்காரட்டும் என்ற கனவு இதில் இருந்தது. ஆனால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. பெருநகரத்தின் பெயர்பெற்ற பள்ளிகளில் பல அந்த வகை. மாவட்டங்களில் இந்த இடங்களைத் தருகிற பள்ளிகள் பெரும்பாலும் தகரக் கூரை நர்சரி பிரைமரியும் நடுத்தர மெட்ரிக்குமாகவே என் கண்ணில் படுகின்றன. அங்கே மிச்சம் 75 சதவீதம் யார்? மளிகைக் கடைக்காரர் பிள்ளை, லாரி டிரைவர் பிள்ளை, கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்கள். பணக்காரரும் ஏழையும் அங்கே கலக்கவில்லை. நடந்தது இதுதான்: இணையத்தில் விண்ணப்பித்து, வருமானச் சான்றிதழ் வாங்கி, குலுக்கல் வரை அலையத் தெரிந்த பெற்றோரை அரசே தன் பள்ளியிலிருந்து கழற்றி, கூடவே பணமும் கொடுத்து அனுப்புகிறது. தன் ஹோட்டலில் சாப்பிட வருகிறவரை எதிர்க்கடைக்கு அனுப்பி பில்லையும் தானே கட்டுகிற முதலாளியை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது, மாதிரிப் பள்ளி. மாவட்டத்துக்கு ஒன்று, விடுதியோடு. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அங்கே கொண்டுவருகிறார்கள். அவர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போகிறார்கள், படம் வருகிறது, பாராட்டு விழா நடக்கிறது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பையோ அங்கே உள்ள ஆசிரியர்களின் உழைப்பையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு புது அம்சம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏ/பி டெஸ்ட் செய்வோம். எல்லா நல்ல பயனர்களையும் ஒரு பக்கம் போட்டுவிட்டு ‘பாருங்க, எங்க பக்கம் ஜெயிச்சிருச்சு’ என்று ஒருவன் ரிப்போர்ட் கொடுத்தால் மேனேஜர் அவனை உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். கல்வித் துறையில் அதே ரிப்போர்ட்டுக்கு மாலை போடுகிறோம். அந்த நாற்பது பிள்ளைகள் விட்டுவந்த நாற்பது வகுப்பறைகளை யாராவது எட்டிப் பார்த்தார்களா? சந்தேகம் கேட்கிறவள் போய்விட்டாள். பக்கத்து பெஞ்சுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் போய்விட்டான். ஆசிரியருக்கே அந்த வகுப்பில் பாடம் எடுக்கிற உற்சாகம் பாதியாகிவிடுகிறது.

இந்த வரிசையில் ஒரே ஒரு விதிவிலக்கு, 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. இடங்கள் சில நூறுதான். ஆனால் அது அரசுப் பள்ளியிலேயே இருந்தவர்களுக்குக் கிடைக்கிறது, வெளியேறியவர்களுக்குக் கிடைப்பதில்லை. சல்லடையில் அள்ளாமல் காந்தமாக இழுக்கிற திட்டம் அது. அப்படி ஒன்றைச் செய்ய நமக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எங்கள் சாலையில்

நான் இருப்பது ஓ.எம்.ஆர். ஓரத்தில் ஒரு அபார்ட்மென்ட். காலை ஏழரைக்கு வாசலில் வரிசையாக மஞ்சள் வேன்கள். அவற்றில் ஒரு பள்ளியின் விளம்பரத்தில் ‘உலகக் குடிமக்களை உருவாக்குகிறோம்’ என்று இருக்கிறது. அந்தப் பள்ளி வகுப்பு ஒன்றின் பெற்றோர் வாட்ஸாப் குழுவை நண்பன் காட்டினான். அறுபது அப்பா அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் இதே சாலையில், இதே வேலை. எல்லாரும் ஒரே அப்ரைசல் மாதத்தில் அழுகிறவர்கள்.

எண்ணூறு மீட்டர் தள்ளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அங்கே தமிழ் பேசுகிற மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த ஒடியா, பிகாரி, வங்காளக் குடும்பங்களின் பிள்ளைகள், ஆந்திராவிலிருந்து வந்து தெலுங்கு பேசுகிறவர்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் இருக்கிறான். நாலு தனியார் பள்ளிகள் ‘எங்ககிட்ட அந்த ஃபெசிலிட்டி இல்லைங்க’ என்று மரியாதையாகக் கதவைச் சாத்திய பிறகு வந்தவன். உலகம் என்று ஒன்று எங்கள் வட்டாரத்தில் இருக்கிறது என்றால் அது அந்தக் காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறது. அங்கே இல்லாதது எங்கள் அபார்ட்மென்ட் மட்டும். அதனால்தான் மூன்று மொழிப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு போராடுகிற ஆசிரியைக்கு உதவிக்கு ஒரு ஆள் கேட்டு எழுதப்படுகிற மனு எங்கேயும் போய்ச் சேர்வதில்லை.

என் மகளுக்கு அடுத்த வருடம் பள்ளி. அந்தப் பள்ளியில்தான் சேர்க்கப் போகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னதும் ஒருவன் கேட்டான்: ‘மச்சி, உன் பொண்ணை வச்சு எக்ஸ்பெரிமென்ட் பண்றியா?’ எல்லாப் பிள்ளைகளையும் வைத்து எக்ஸ்பெரிமென்ட் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தன்னைப் போன்றவர்களை மட்டுமே பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை பெரியவர்களானால் என்ன ஆகும் என்கிற எக்ஸ்பெரிமென்ட். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கப்போவது

‘பிள்ளைக்குப் படிப்பு கெட்டுப்போனா?’ நியாயமான கேள்வி. இதற்கு ஆய்வே இருக்கிறது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. ஏழை வகுப்புத் தோழர்கள் இருந்த, இல்லாத வசதியான பிள்ளைகளை கௌதம் ராவ் ஒப்பிட்டார், 2019இல் வெளியானது. இந்தி, கணக்கு மதிப்பெண்ணில் பாதிப்பு தெரியவில்லை. ஆங்கிலத்தில் சின்னச் சரிவு. அதே நேரம் அந்தப் பிள்ளைகள் பிறருக்குக் கொடுப்பதில் தாராளமாக இருந்தார்கள், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது குறைந்திருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு மார்க் போனால் போகட்டும் என்று நான் சொல்வேன். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்றால், என்ன விலைக்கு எதை வாங்குகிறோம் என்றாவது தெரிந்து வாங்குங்கள்.

தனியார் பள்ளி என்றாலே நல்ல படிப்பு என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. ஆந்திராவில் கிராமப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுத்துப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்தும் தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசமில்லை. கூடுதலாக வந்தது இந்தி. தனியார் பள்ளி அதைக் குறைந்த செலவில் செய்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. குறைந்த செலவு எப்படி வந்தது? ஆசிரியருக்குக் கொடுக்கிற சம்பளத்தில்.

‘சேர்த்து உட்கார வச்சா சாதி போயிருமா? நாங்குநேரி என்னாச்சு?’ இதுதான் கடினமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதே ஆண்டு கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் தடுத்தார்கள். கலந்து உட்கார்ந்தாலே மனம் மாறிவிடும் என்று சொல்கிறவன் இந்த மாநிலத்தில் வாழவில்லை.

ஆனால் அந்தக் காலை உணவு விஷயத்தில் அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஆட்சியரும் மக்கள் பிரதிநிதிகளும் பள்ளிக்கே போய், பேசி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தீண்டாமை வெளியே தெரிந்தது, அரசு பதில் சொல்ல வேண்டி வந்தது. ஊருக்கு இரண்டு பள்ளி, இரண்டு சமையலறை என்றிருந்தால் அந்தத் தகராறே வந்திருக்காது. தீண்டாமை மட்டும் அமைதியாக நன்றாக இருந்திருக்கும். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றது. இந்த இணைப்பை 2023 பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்திருந்தது. எதிர்ப்பு வந்ததும் கை நழுவியது.

எதிர்த்தவர்களின் பயம் பொய்யில்லை. தனிப் பள்ளி போனால் வேலையும் விடுதியும் நிலமும் போய்விடும் என்ற பயம் அது. அந்த மூன்றுக்கும் சட்டத்தில் உத்தரவாதம் கொடுத்துவிட்டு இணைக்க முடியும். அதைச் செய்யாமல் ‘மக்கள் விரும்பலை’ என்று ஒதுங்கிக்கொள்வது கோழைத்தனம்.

செய்ய வேண்டியது

பைசா செலவில்லாத வேலையிலிருந்து தொடங்கலாம். மதிப்பெண் பார்த்துப் பிரிவு பிரிப்பதை நாளைக் காலையே ஒரு சுற்றறிக்கையில் தடை செய்யலாம். பிரிவுகளைக் குலுக்கல் போட்டு அமைக்கட்டும். ஆங்கிலம் எல்லாப் பிரிவுக்கும் ஒழுங்காகக் கிடைக்கட்டும். ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கில வழி என்ற தனி அறை வேறு.

25 சதவீதத்தில் ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை முடிக்கட்டும். ஆனால் அருகில் அரசுப் பள்ளி இருக்கிற இடத்தில், அதே பணத்தை அந்தப் பள்ளியின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆசிரியருக்கு முதலில் கொடுக்க ஒன்றிய அரசிடம் சட்டத்திருத்தம் கேட்க வேண்டும். பிள்ளையை மூன்று வயதில் தனியார் எடுத்துக்கொள்கிறது. அரசு ஐந்து வயதில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது. இதில் யார் ஜெயிப்பார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

மாதிரிப் பள்ளிக்கு ஒதுக்குகிற ஆசிரியர்களையும் ஆய்வகத்தையும் பயிற்சியையும் வட்டாரத்துக்கு ஒரு சாதாரண மேல்நிலைப் பள்ளிக்குக் கொடுங்கள். தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்காமல், அந்தப் பகுதியில் இருக்கிறவர்களையே வைத்து ஓட்டிக் காட்டுங்கள். அதில் வருகிற ரிசல்ட்தான் ரிசல்ட். மூன்று மொழி பேசுகிற வகுப்பறைக்கு ஒரு துணை ஆசிரியர், மாற்றுத்திறன் பிள்ளை இருக்கிற பள்ளிக்கு வாரம் ஒருநாள் எட்டிப் பார்க்காமல் தினமும் வருகிற சிறப்பாசிரியர். பணிநிரவல் கணக்கில் இவர்களைச் சேர்க்கவே கூடாது.

2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் அது நடக்கவில்லை. 2011இல் ஈரோடு ஆட்சியர் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது நாடு முழுக்கச் செய்தி வந்தது. ஒரு மாவட்ட அதிகாரி, தான் பொறுப்பு வகிக்கிற பள்ளியில் தன் பிள்ளையைச் சேர்த்தது செய்தியாகிற நாடு இது. கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் கல்வித் துறைக் கூட்டத்தில் திட்டம் போடுகிற ஒவ்வொருவரும் தன் பிள்ளை எங்கே படிக்கிறது என்று பொதுவில் சொல்லட்டும். கேட்கிற உரிமை வரி கட்டுகிற எல்லாருக்கும் இருக்கிறது.

கடைசியாக, இதைப் படிக்கிற உங்களுக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறையிலிருந்து நிதி வரை கேள்வி கேட்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு. தனியார் பள்ளியில் லட்சம் கட்டினாலும் கிடைக்காத அதிகாரம். அதில் உட்கார ஒரே தகுதி, உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும். அரசுப் பள்ளியைப் பற்றி நாம் போடுகிற பதிவுகளும் கட்டுரைகளும், இதையும் சேர்த்துத்தான், அந்த நாற்காலிக்கு ஈடாகாது. ஜூனில் சேர்க்கை. அதற்குள் ஒருமுறை உங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.